உளைவா, குத்தா?

கல்முனையில் புதிதாகத் திறந்திருக்கும் ஜிம்முக்குள் போனால், செருப்பைக் கழற்றுமுன்னமே குளிர் வந்து முகத்தைத் தடவுகிறது. நாலு பக்கமும் கண்ணாடி. எங்கே திரும்பினாலும் என்னுடைய வயிறுதான் எனக்கு முன்னால் வந்து நிற்கிறது. அங்கே பெண்களுக்கான நேரத்தை நடத்துகிற ஸபீனா மிஸ் போன மாதம் ஒரு பகல் என்னை வரச் சொன்னார். போய்ப் பார்த்தால், மேசை நிறைய முழங்கையில் மாட்டுகிற துணி உறைகள்.

"மாஸ்டர், எங்கட பத்துப் பேருக்கு முழங்கை நோகுது. பத்துப் பேரும் இதை வாங்கி மாட்டினாங்க. நோவு போகல்ல, வேர்வைதான் கூடிச்சி. நீங்க முப்பது வருஷம் இதுக்குள்ள நிண்ட ஆள். கதைச்சாக் காத்தோட போயிரும், எழுதித் தாங்க" என்றார்.

நான் எழுதுகிற ஆள் இல்லை, கதைக்கிற ஆள். படிப்பும் எட்டாம் வகுப்போடு சரி. ஆனாலும் ஒருவர் என்னிடம் முழங்கையைப் பற்றிக் கேட்டுவிட்டால் எனக்குப் பெருநாள் வந்த மாதிரி. அதனால் எழுதுகிறேன்.

இளந்தாரியாக இருந்தபோது மீன் சந்தையில் ஐஸ் பெட்டி ஏற்றி இறக்கினேன். கை பெருக்க வேண்டும் என்ற ஆசையில் கபூர் மாஸ்டரின் இடத்துக்குப் போனேன். பழைய நெல் களஞ்சியம் அது. பால்மா டின்னுக்குள் சீமெந்து ஊற்றி, நடுவில் தண்ணீர்க் குழாய் செருகியதுதான் எங்கள் பார். ஒரு வருடத்தில் உதவிக்கு நின்றேன், மூன்றாம் வருடம் பூட்டும் திறப்பும் என் கைக்கு வந்தது. படத்தைப் பார்த்தும் பிறர் செய்வதைப் பார்த்தும் கற்றதுதான் என் படிப்பு. மிச்சமெல்லாம் கபூர் மாஸ்டர்.

கபூர் மாஸ்டருக்குப் பகலில் தையல் தொழில். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே ஜிம்முக்கு வருவார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அறுபது வயதுக்காரரையும் "மகன்" என்றுதான் கூப்பிடுவார். யாராவது தன் சக்திக்கு மேல் பாரம் போட்டால், பின்னால் போய் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பிளேட்டைக் கழற்றி நிலத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த ஆள் கோபித்தால், "பாரம் எங்கயும் ஓடாது மகன். அடுத்த கிழமையும் இதே இடத்திலதான் கிடக்கும்" என்பார்.

புதிதாக வருகிற ஆளிடம் அவருடைய முதல் கேள்வி, "என்ன தொழில்?" உயரமும் நிறையும் பிறகுதான். மருதமுனை நெசவாளியா, கரைவலை இழுக்கிறவரா, நாவிதன்வெளிப் பக்கம் வயல் செய்கிறவரா என்று கேட்டு, ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதுவார். ஊர்க்கதை விசாரிக்கிற மனிதர் என்று நான் அப்போது நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு எனக்கு எவ்வளவு வெட்கத்தைக் கொண்டுவந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ட்ரைசெப் என்பது கையின் பின்பக்கத்துச் சதை. மடங்கிய முழங்கையை நீட்டுவதுதான் அதன் வேலை. அதனால் அந்தச் சதைக்கு என்ன பயிற்சி செய்தாலும் வட்டியும் முதலும் முழங்கைதான் கட்ட வேண்டும். இதைத் தெரிந்துகொண்ட மாஸ்டர், பயிற்சிக்கு முன் இரண்டு செட் மிக இலேசான பாரத்தில் கேபிளைக் கீழே இழுக்க வைப்பார், ஒவ்வொன்றிலும் இருபது தடவை. அதற்கு எங்கள் ஜிம்மில் பெயர் "எண்ணெய் விடுறது". எண்ணெய் விடாமல் யாரும் பாரத்தில் கை வைக்க முடியாது.

அடுத்தது அவருடைய தையல் சோக்கு. முழங்கை முனையில் நீலச் சோக்கைத் தேய்த்துவிட்டு, கையை விலாவோடு வைத்து கேபிளை இழுக்கச் சொல்வார். பன்னிரண்டு தடவை முடிந்ததும் சட்டையைப் பார்ப்பார். சட்டையில் ஒரு புள்ளி இருந்தால் முழங்கை ஓர் இடத்தில் நின்று வேலை செய்திருக்கிறது. கோடு இருந்தால் அது ஊர் சுற்றியிருக்கிறது. கோடு போட்டவருக்குப் பாரம் குறையும். எங்களுடைய வீட்டுப் பெண்கள் அந்த நீலச் சோக்கைத் திட்டிய திட்டு கொஞ்சமல்ல.

"மூணு எண்ணி இறக்கு. ஒண்டு எண்ணி ஏத்து. மேல போய்ப் பூட்டாத." இது அவர் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வது. கையை நீட்டி முடிக்கிற இடத்தில் முழங்கையை 'டக்' என்று அடித்து நிறுத்துவதைத்தான் பூட்டுவது என்பார். சதை தாங்க வேண்டிய பாரத்தை அந்த ஒரு நொடியில் மூட்டு தாங்கும். கீழே இறக்கும்போது துள்ள விடுவதும் அதே குற்றம்.

பெஞ்சில் மல்லாக்கப் படுத்து, பாரை நெற்றிக்கு நேரே இறக்குகிற பயிற்சி ஒன்று இருக்கிறது. நாங்கள் அதை "மண்டையுடைப்பு" என்போம். உடைவது மண்டையல்ல, முழங்கை. அதை முதலாவதாகச் செய்ய மாஸ்டர் விடவே மாட்டார். கை நன்றாகச் சூடேறிய பிறகு கடைசியில், நேரான பாரை விட்டு வளைந்த பாரில், நெற்றிக்கு இறக்காமல் தலைக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி இறக்கச் சொல்வார். கிழமைக்கு இரண்டு நாள், அதற்கு மேல் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி இருந்தது. யாராவது முழங்கையைத் தடவினால் மாஸ்டர் கிட்டப் போய், "உளைவா, குத்தா?" என்பார். எங்கள் பக்கத்தில் இரண்டும் வேறு வேறு. வயலில் நாள் முழுக்க நின்றால் வருவது உளைவு. அது சதைக்குள் பரவி நின்று, இரண்டு நாளில் தானாகப் போய்விடும். குத்து அப்படியில்லை. ஓர் இடத்தில் ஊசி மாதிரி நிற்கும். உளைந்தால் செய்யலாம், குத்தினால் நிறுத்த வேண்டும். ஆனால் மாஸ்டர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்ற பயத்தில் ஆம்பிளைகள் குத்தையும் உளைவு என்பார்கள். அதற்கும் மாஸ்டரிடம் வழி இருந்தது. "எங்க எண்டு காட்டு" என்பார். உள்ளங்கையால் தடவிக் காட்டினால் உளைவு. ஒற்றை விரலால் தொட்டுக் காட்டினால் குத்து. வாய் என்ன சொன்னாலும் அவர் விரலைத்தான் நம்புவார்.

ஒரு நோன்பு காலம். ஹனீபா சேர் என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார். நோன்பு திறக்கும் மஃரிபு வாங்கு சொல்ல அரைமணி நேரம் இருக்கும்போது ஓடி வந்து, எண்ணெய் விட நேரமில்லை என்று நேரே இரண்டு கம்பிக்கு நடுவில் தொங்கி, மார்பு கீழே போகும்வரை இறங்கி ஏறினார். தண்ணீர் குடிக்காத உடம்பு, சூடேறாத மூட்டு. அடுத்த நாள் பள்ளிவாசலில் அவருக்குப் பின் வரிசையில் நானும் மாஸ்டரும். தக்பீர் கட்டக் கையை உயர்த்தும்போது சேருடைய இடது கை காதுவரை போனது, வலது கை தோளோடு நின்றது. தொழுகை முடிந்து சலாம் சொல்லிக் கை கொடுக்கும்போது மாஸ்டர், "சேர், எத்தினை நிமிசம் மிச்சம் பிடிச்சீங்க?" என்றார்.

"அஞ்சு நிமிசம் மாஸ்டர்."

"நல்லம். இனி அஞ்சு கிழமைக்கு ஜிம் பக்கம் வராதீங்க."

அந்தப் பெருநாளுக்கு சேர் எங்களை இடது கையால்தான் கட்டிப்பிடித்தார். அதற்குப் பிறகு எங்கள் ஜிம்மில் நோன்பு காலத்தில் எண்ணெய் விடுவது மட்டும்தான், பாரம் இல்லை என்று ஆகிவிட்டது.

வயது போனதும் மாஸ்டர் வாசலில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். ஜிம் என் பொறுப்புக்கு வந்தது. நான் செய்த முதல் புதுமை, அந்தக் கொப்பியை மூடிவிட்டு ஆளுக்கோர் அட்டை அச்சடித்ததுதான். உயரம், நிறை, நெஞ்சு, கை. தொழில் என்கிற வரி அட்டையில் இல்லை. அட்டை அழகாக இருந்தது.

அப்போதுதான் ஜுனைதீன் வந்தார். கல்முனையில் கொத்து ரொட்டி சாப்பிட்டவர்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. பிறருடைய கடையில் பதினெட்டு வருடம் கொத்து பாஸாக, கொத்துப் போடும் ஆளாக, நின்றவர். ஆறடி உயரம். இரண்டு தகட்டையும் பிடித்து அவர் கல்லில் கொத்தத் தொடங்கினால், ரோட்டின் மற்றப் பக்கத்தில் போகிறவருக்கும் வாய் ஊறும். அப்போது சொந்தமாகக் கடை கட்டிக்கொண்டிருந்தார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அடுத்த நாள் திறப்பு. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி.

"கண்ணாடிக்குப் பின்னால நிக்கப்போற ஆள் மாஸ்டர். கை எண்டா கையா இரிக்கணும்" என்றார்.

நல்ல பலசாலி. ஒரு மாதத்துக்குள்ளேயே நேரான பாரில் மண்டையுடைப்பை, நான் என் வயதில் தூக்காத பாரத்தில், கிழமைக்கு நாலு நாள் செய்தார். போனில் எவனோ செய்வதைப் பார்த்துப் படித்திருந்தார். தடுக்க வேண்டிய நான் பக்கத்தில் நின்று பிளேட் ஏற்றிக் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால் எனக்குப் பெருமை. ஒரு நாள் முழங்கையைத் தொட்டுக்கொண்டு, "கொஞ்சம் உளையுது மாஸ்டர்" என்றார். "உளைஞ்சாத்தான் வளரும்" என்று நானும் சொல்லிவிட்டேன். அவர் காட்டியது ஒற்றை விரலால். நான் விரலைப் பார்க்கவில்லை, பிளேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு அவர் வேலை செய்த பழைய கடைக்குக் கொத்து வாங்கப் போனேன். கடைக்கு முன்னால் நிற்கும்போதே காதில் ஏதோ உறுத்தியது. அவருடைய கொத்து 'டகடக டகடக' என்று ரயில் மாதிரி ஓடும். அன்றைக்கு 'டகடக... டக், டக' என்றது. வலது தகடு பிந்தி விழுகிறது. பக்கத்தில் நின்ற ஓட்டோக்காரர் ஒருவர் கூப்பிட்டுச் சொன்னார்:

"என்ன பாஸ், கொத்து நொண்டுது? கல்லில குழியா, கையில குழியா?"

"ரொட்டி சரியா வேகல்ல மச்சான்" என்றார் ஜுனைதீன். அவருடைய நெற்றியில் வேர்வை. அது கல்லுச் சூட்டு வேர்வை இல்லை என்று எனக்குத் தெரியும்.

அடுத்த நாள் காலை அவருடைய மனைவி மர்ஜானா ஜிம் வாசலுக்கே வந்துவிட்டார். பின்னால் ஜுனைதீன், பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பிள்ளை மாதிரி.

"மாஸ்டர் காக்கா" என்று அண்ணன் முறையில் கூப்பிட்டார். "உங்கட ஜிம்முக்கு வந்து இவருக்குக் கை பெருத்திச்சி, ஓம். ஆனாத் தேத்தண்ணிக் கேத்தலத் தூக்க ஏலாம இரிக்கி. இந்தக் கையை வெச்சி நான் என்னத்தச் செய்ற? சுவரில கொழுவிப் பாக்கிறதா?"

கதிரையில் இருந்த கபூர் மாஸ்டர் சிரித்துச் சிரித்து இருமினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இவர் என்ன தொழில் மகன்?"

"கொத்து பாஸ். ஊருக்கே தெரியுமே மாஸ்டர்."

"ஊருக்குத் தெரியும். உன்ட அட்டைக்குத் தெரியுமா? ஒரு நாளைக்கு எத்தினை தரம் இவர் முழங்கையை மடக்கி நீட்டுறார்?"

அன்று மாலை கடையில் ஒரு வாங்குப் பலகையில் உட்கார்ந்து, தேத்தண்ணியை ஆற விட்டுவிட்டு எண்ணினேன். ஒரு கொத்துக்கு ஒரு கையால் மட்டும் நூற்றுக்கு மேல் வெட்டு. அப்படி முப்பது கொத்து போன பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். அந்த மனிதர் தினமும் மாலையில் ஆயிரக்கணக்கில் ட்ரைசெப் செய்துவிட்டுக் காலையில் என்னிடம் வந்திருக்கிறார். நான் அதற்கு மேல் மண்டையுடைப்பு ஏற்றிக் கொடுத்திருக்கிறேன். மாஸ்டர் விசாரித்தது ஊர்க்கதை இல்லை, பாரக்கணக்கு என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

முதலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். நாங்கள் ஜிம்காரர், வைத்தியர் இல்லை. வீங்கினாலோ, விரல் விறைத்தாலோ, கை முழுக்க நீளாவிட்டாலோ நாங்கள் கை வைக்கக் கூடாது. அங்கே பிசியோ மிஸ் பார்த்துவிட்டு, சதையை எலும்போடு கட்டுகிற நாண் எரிச்சல்பட்டிருக்கிறது, அறுந்து போகவில்லை, பாரத்தை விட்டுவிட்டு மெதுவாகப் பழக்குங்கள் என்றார். திறப்புக்கு ஆறு கிழமை இருந்தது.

மண்டையுடைப்பு நின்றது. பழைய சைக்கிள் டியூப் ஒன்றை வெட்டி, அவருடைய வீட்டு யன்னல் கம்பியில் கட்டினேன். முதல் கிழமை டியூபைக் கீழே இழுத்துப் பாதியில் பிடித்தபடி நிற்க வேண்டும், அசையக் கூடாது. அடுத்த கிழமையிலிருந்து மூன்று எண்ணி விட, ஒன்று எண்ணி இழுக்க. தகட்டின் பிடியிலும் டியூப் ரப்பரைச் சுற்றித் தடிப்பாக்கினோம், இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லாமல். வேலை செய்கிற கடையில் பாதிக் கொத்தை, கூட நின்ற மச்சானிடம், மர்ஜானாவின் தம்பியிடம் விட்டார்.

அளவுகோல் மர்ஜானாவிடம் இருந்தது. தினமும் காலையில் கேத்தலில் தண்ணீர் வைத்து, "தூக்குங்க பாப்பம்" என்பார். முதல் கிழமை கால் கேத்தல். இரண்டாம் கிழமை அரை. நாலாம் கிழமை முழுக் கேத்தலைத் தூக்கி, தானே தேத்தண்ணி ஊற்றி எனக்குக் கொண்டுவந்து தந்தார் ஜுனைதீன். அல்ஹம்துலில்லாஹ் என்று குடித்தேன். சீனி கூடிப் போயிருந்தது.

திறப்புக்கு எட்டு நாள் இருக்கும்போது மர்ஜானாவின் அழைப்பு.

"நேத்து முழுக் கேத்தல் தூக்கின கை, இண்டைக்கு அரை தூக்குதில்ல. என்ன செய்தாரெண்டு நீங்களே வந்து கேளுங்க. என்னட்டச் செல்றாரில்ல."

போனேன். யன்னலடியில் உட்கார்ந்திருந்தார்.

"ஒரே ஒருக்காத்தான் மாஸ்டர். நீங்க அஸர் தொழப் போன நேரம், ஜிம்முல பாரைப் போட்டுப் பாத்தன். நோவு போயிற்றா எண்டு பாக்கத்தான்."

"பாத்தீங்களா?"

"பாத்தன். போகல்ல."

சிரிக்க வேண்டிய பதில். அவர் சிரிக்கவில்லை. "கடையைத் திறந்து போட்டு நான் கல்லுக்குப் பின்னால நிக்காட்டி, சனம் என்னத்துக்கு மாஸ்டர் வரும்? பதினெட்டு வருஷம் இந்தக் கையைத்தான் சனத்துக்குத் தெரியும். திறப்பைத் தள்ளி வெப்பமா?" என்றார். அந்தப் பெரிய உடம்பு அன்றைக்குச் சின்னதாகத் தெரிந்தது. எழும்பி நேரே கபூர் மாஸ்டரின் வீட்டுக்குப் போனேன்.

அவரை ஓட்டோவில் ஏற்றிப் புதுக் கடைக்குக் கூட்டிப் போனேன். பழைய கடைக் கல்லின் உயரத்திலேயே கல்லெல்லாம் வைத்துக் கட்டி முடிந்திருந்தது. மாஸ்டர் ஒரு கதையும் கேட்கவில்லை. "தகட்டை எடு மகன். கொத்தாத. தகடு கல்லில பட்ட மாதிரி அப்பிடியே நில்லு" என்றார். ஜுனைதீன் நின்றார். மாஸ்டர் கழுத்து நாடாவை எடுத்துத் தோளிலிருந்து மணிக்கட்டுவரை, சட்டைக்கு அளவெடுப்பது போல் எடுத்தார். பிறகு அவரைக் கையைத் தொங்கப் போட்டு நிமிரச் சொல்லி இன்னொரு தரம் எடுத்தார். இரண்டும் ஒரே அளவு.

"கண்டியா?" என்று என்னைக் கேட்டார். "உயரமான மனிசன், பதிஞ்ச கல்லு. தகடு படுற நேரம் முழங்கை முழுக்க நீண்டு நிக்குது. ஒவ்வொரு வெட்டுக்கும் இவர் பூட்டுறார். நீ டியூபைக் கட்டி என்ன பலன்?"

அன்று பின்னேரமே மேசன் வந்தார். கட்டி முடித்ததை உடைப்பதா என்று முணுமுணுத்தார். மர்ஜானா அவரை ஒரு பார்வை பார்த்தார். கல்லுக்குக் கீழே ஒரு வரி செங்கல் கூடியது. இப்போது தகடு கல்லில் படும்போது முழங்கை கொஞ்சம் மடங்கி நின்றது. அடி மூட்டுக்குப் போகாமல் சதைக்குப் போனது. ஜுனைதீன் வெறும் கல்லில் இரண்டு கொத்துக் கொத்திவிட்டு என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியாது.

அந்த எட்டு நாளும் டியூப் மட்டும். திறப்பன்று இருபது கொத்து, அதற்கு மேல் ஒன்றும் இல்லை, மிச்சம் மச்சான் என்று நான் கண்டிப்பாகச் சொன்னேன். அவர் தலையாட்டினார். எனக்கு நம்பிக்கை இல்லை. பெருநாள் சனம், புதுக் கடை, கண்ணாடிக்கு முன்னால் ஊரே நிற்கும். அந்த நேரம் தகட்டைக் கீழே வைக்கிற கொத்து பாஸ் இன்னும் பிறக்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

திறப்பன்று அஸருக்குப் பிறகு போனால், ரோட்டுவரை வரிசை. கபூர் மாஸ்டருக்குக் கதிரை போட்டு, முதல் கொத்து அவருக்கு என்றார்கள். ஜுனைதீன் தகட்டை எடுத்தார். டகடக டகடக. ஒரு வெட்டும் பிந்தவில்லை. வரிசையில் நின்ற பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக் காட்டினார்கள். ஓட்டோக்காரர்கள் ஹோர்ன் அடித்தார்கள். நானும் வரிசையில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, ஐந்து, பத்து, பதினைந்து என்று எண்ணினேன். ஒவ்வொன்றும் முன்னதைப் போலவே ஓடியது.

இருபதாவது கொத்து முடிந்தது. ஜுனைதீன் இரண்டு தகட்டையும் கழுவி, கல்லின் ஓரத்தில் வைத்தார்.

"பாஸ், இன்னொண்டு! ஒரே ஒண்டு!" வரிசை முழுக்கக் கத்தியது.

அவர் வலது கையை உயர்த்தி மடக்கினார், நீட்டினார், சிரித்தார். "நாளைக்கும் வாங்க. நாளைக்கும் இந்தக் கைதான் கொத்தும். இனி மச்சான்" என்றார். பிறகு வரிசையின் முன்னால் நின்ற ஆளைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"குறை நினைக்காதீங்க மாஸ்டர். இருபது எண்டு நீங்கதானே செல்லின."

இருபத்தோராவது ஆள் நான்தான். மச்சான் கொத்தித் தந்ததை வாங்கிக்கொண்டு வந்தேன். உப்புக் கூடிப் போயிருந்தது. முழுக்கச் சாப்பிட்டேன்.